அழுகாத கொப்பு

சாளைத்துறைக் கடலுக்குள் பூவரசு துளிர்த்த வருஷத்தில் அந்த ஊரில் யாரும் பெரிதாக ஆச்சரியப்படவில்லை. செலஸ்டினும் ஆச்சரியப்படவில்லை. அவனுக்கு வயிறுதான் எரிந்தது.

சாளைத்துறையில் ஒரு வழக்கம் உண்டு. கரையிலிருந்து ஒரு மணி நேர ஓட்டத்தில், எட்டுப் பாகம் ஆழத்தில், அதாவது ஒரு ஆள் கையை விரித்த நீளத்துக்கு எட்டு மடங்கு கீழே, நடுமடை என்று ஒரு இடம் இருக்கிறது. அங்கே பச்சைக் கொப்பை வெட்டி மணல் மூட்டை கட்டி இறக்கினால் கொப்பின் நிழலுக்குப் பொடிமீன் வரும், பொடிமீனுக்குக் கணவாய் வரும், கணவாய்க்குப் பின்னால் விளமீனும் கலவாயும் பாறைமீனும் வரும், அதுகளுக்குப் பின்னால் கொப்பு இறக்கியவன் வள்ளத்தில் வருவான். கொப்பு அழுகும் வரைக்கும் அந்த இடம் அவனுக்கு, அழுகியதும் அடுத்தவனுக்கு. யார் முதலில், யார் அடுத்து என்பதைத் திருநாள் முடிந்த மறுநாள் கோயில் முற்றத்தில் சீட்டுக் குலுக்கி எடுப்பார்கள், பழைய வரிசை முடியாமல் புதுச் சீட்டு கிடையாது. உப்புத் தண்ணீரில் எந்த மரமும் எழுபது எண்பது நாளில் இற்றுப்போகும், அதனால் எவனும் நடுமடையை அதற்கு மேல் என்னுது என்று சொன்னது கிடையாது. சந்தேகம் வந்தால் சங்கு குளிக்கிற மொராயிஸ் கீழே போய் ஒரு துண்டு ஒடித்து வருவார், ஊர்த்தலைவர் காணிக்கைராஜ் அதில் பெருவிரல் நகத்தை ஊன்றுவார். நகம் இறங்கினால் அழுகல். வழக்கு முடிந்தது.

அந்த வருஷம் முதல் சீட்டு எஸ்தாக்கிக்கு விழுந்தது. இரண்டாவது சீட்டு செலஸ்டினுக்கு.

இரண்டு பேரும் சகலைகள். செலஸ்டின் கட்டியது அக்காள் பிரகாசியை, எஸ்தாக்கி கட்டியது தங்கை கித்தேரியை. சகலைகளை ஊர் தராசில் வைத்துத்தான் பார்க்கும், அது எந்த ஊரிலும் அப்படித்தான். செலஸ்டின் தண்ணீரின் நிறத்தைப் பார்த்தே கீழே கல்லடர்ந்த பாரா மணலா என்று சொல்லுவான், கடலின் நீரோட்டமான நீவாடு எந்தப் பக்கம் திரும்பும் என்று முந்தின நாளே சொல்லுவான், கிழிந்த வலையைப் பொத்துவதில் அவன் முடிச்சை எவனும் அவிழ்த்ததில்லை. எஸ்தாக்கிக்கு இது எதுவும் தெரியாது. அவனுக்குத் தெரிந்தது சிரிப்பது. வள்ளத்தில் ஏறும்போது சிரிப்பான், வெறும் வள்ளமாய்த் திரும்பும்போதும் சிரிப்பான், அதைப் பார்த்து மாமியார் வீட்டில் "சின்னவர் தங்கம்" என்பார்கள். அப்படியானால் பெரியவர் என்ன பித்தளையா என்று செலஸ்டின் கல்யாணமான நாளிலிருந்து மனதுக்குள் கேட்டுக்கொண்டிருந்தான்.

இன்னொன்றும் சொல்லிவிட வேண்டும். எஸ்தாக்கி இறக்கிய கொப்பு செலஸ்டின் வீட்டு முற்றத்துப் பூவரசிலிருந்து போனது. கித்தேரி வந்து அக்காளிடம் கேட்டாள், கூரையில் உரசிக்கொண்டு சனியனாய்க் கிடந்த ஒரு கொப்பைப் பிரகாசி காட்டினாள், செலஸ்டின்தான் ஏறி வெட்டினான். நல்ல கொப்பு இரண்டு இருந்தது. அதைத் தன் முறைக்கு வைத்துக்கொண்டு இதைக் கொடுத்தான்.

எழுபது நாள் போனது. எண்பது போனது. தொண்ணூறாவது நாள் செலஸ்டின் தலைவர் காணிக்கைராஜ் வீட்டு வாசலில் போய் நின்றான்.

"மொராயிஸை இறக்கிப் பாருங்க தலைவரே. சொத்தைக் கொப்பு அது. என்னைக்கோ அழுகியிருக்கும்."

மொராயிஸ் போய்வந்து ஒரு துண்டைத் தலைவர் கையில் கொடுத்தார். தலைவர் நகத்தை ஊன்றினார். இறங்கவில்லை. இன்னும் அழுத்தினார். மஞ்சளாய்ப் பால் கசிந்து விரலில் ஒட்டியது.

"பச்சையா இருக்கு" என்றார் தலைவர்.

"துளிர்த்திருக்கு" என்றார் மொராயிஸ். "மூட்டையைப் பொத்துக்கிட்டு வேர் இறங்கியிருக்கு. மூணு கிளை புதுசு. மேல நாலஞ்சு மொட்டு."

கூடி நின்றவர்கள் கொஞ்ச நேரம் யோசித்தார்கள். பிறகு ஒருவர் சொன்னார், "பூவரசுதானே. நட்டா துளிர்க்கத்தான் செய்யும்." எல்லாருக்கும் அது சரியாகப் பட்டது. வீட்டுக்குப் போய்விட்டார்கள்.

பூக்கள் முதலில் மேலே வந்தன. காலையில் மஞ்சளாய் மலர்ந்தது சாயங்காலம் சிவந்து காம்பை விட்டு, எட்டுப் பாகம் ஆழத்திலிருந்து மெல்ல மெல்ல எழும்பி, அலையில் ஏறிக் கரையில் வந்து ஒதுங்கியது. குமரிகள் அதை எடுத்துத் தலையில் வைத்தார்கள், உப்புக் கறை படிந்த பின்னல்தான் அந்த வருஷத்து அலங்காரம் என்று ஆனது. ஆடுகள் கரையோரம் வரிசையாய் நின்று ஒதுங்குகிற இலையைத் தின்றன, அந்தப் பாலில் போட்ட டீக்குச் சர்க்கரை கூடுதலாய்த் தேவைப்பட்டது, டீக்கடைக்காரர் முணுமுணுத்தாரே தவிர யாரும் பாலை மாற்றவில்லை. மாதா சப்பரத்துக்குக் கடல் பூவரசு மாலை ஆகுமா என்று பங்குச்சாமியாரிடம் கேட்டதற்கு, கரைப் பூவரசு ஆகுமென்றால் கடல் பூவரசும் ஆகும், இரண்டையும் படைத்தது ஒருவர்தான் என்று சொல்லிவிட்டு அவர் மதியச் சாப்பாட்டுக்குப் போய்விட்டார்.

மீன் வந்தது. சொல்லவா வேண்டும். பறவை மரத்தில் அடைகிற மாதிரி, பொழுது சாயச் சாய நாலு திசையிலிருந்தும் கூட்டம் கூட்டமாய் வந்து கிளை கிளையாய் அடைந்தது. எஸ்தாக்கி வள்ளம் முங்க முங்க வந்தான். சிரித்துக்கொண்டே வந்தான்.

தினமும் கித்தேரி ஒரு சட்டி குழம்பு கொண்டுவந்து அக்காள் வீட்டில் வைத்துவிட்டுப் போனாள். பிரகாசி அதைப் பரிமாறினாள்.

"எந்தங்கச்சி வீட்டு மீனு. முள்ளு பாத்துத் தின்னுங்க. வேற என்னமும் தொண்டையில சிக்கிரப் போவுது."

"என்ன சிக்கும்?"

"உங்களுக்குத் தெரியாததா."

"நான் வெட்டிக் கொடுத்த கொப்புளா அது."

"நீங்க வெட்டிக் கொடுத்தீய. அவரு கேட்டு வாங்கினாரு. கேட்டவருக்கு மாதா கொடுத்தா. நீங்க மாதாகிட்ட என்னைக்கு எதைக் கேட்டீய, எல்லாத்தையும் நீவாட்டுகிட்டதான கேக்குதீய."

செலஸ்டின் அந்தச் சட்டியைத் தொடவில்லை. அடுத்த நாள் தொட்டான், ருசியாக இருந்தது, அதற்காக இன்னும் கோபப்பட்டான்.

தன் பங்குக்கு அதே மரத்தின் நல்ல கொப்புகள் இரண்டையும் கொண்டுபோய் வேறு இடத்தில் இறக்கிப் பார்த்தான். ஐம்பதே நாளில் நாறிப்போனது. ஊர்க் கமிட்டியில் எழுந்து, மரம் என்னுது என்றான். தலைவர் கேட்டார், "நாத்து கொடுத்தவனுக்கா வயலு?" விதி விதிதான். அழுகும் வரைக்கும் இறக்கியவனுக்கு. அழுகவே அழுகாதென்றால் சாகும் வரைக்கும் அவனுக்கு, அவன் செத்தால் அவன் பிள்ளைக்கு. செலஸ்டினின் இரண்டாவது சீட்டு பிரகாசியின் ஜெபப் புத்தகத்துக்குள் மடங்கியே கிடந்தது.

அப்புறம் ஒரு நாள் பட்டப்பகலில் அரிவாளை இடுப்பில் செருகிக்கொண்டு அவன் குதித்தான். வெட்டிப் போடுவது என்று முடிவு பண்ணித்தான் குதித்தான். கீழே போனால், மரம் ஆள் உயரத்துக்கு இரண்டு மடங்கு நின்றது. நீவாட்டில் இலையெல்லாம் ஒரே பக்கம் சாய்ந்து, பிறகு ஒரே பக்கம் திரும்பி, ஒவ்வொரு இலைக்கடியிலும் ஒரு பொடிமீன் நிழலுக்கு நின்றது. ஒரு கிழட்டுக் கலவாய் அடிமரத்தில் முதுகைத் தேய்த்துக்கொண்டு இவனைப் பார்த்தது, பார்த்துவிட்டு அதுபாட்டுக்குத் தேய்த்தது. செலஸ்டின் அரிவாளை ஓங்கினான். ஓங்கிய கை நின்றது. அழகில் மயங்கினான் என்று யாராவது சொன்னால் நம்ப வேண்டாம். இதை வெட்டிவிட்டால் என் முறைக்கு என்ன மிஞ்சும் என்று கணக்குப் பார்த்தான், அவ்வளவுதான். மூச்சு முட்ட மேலே வந்தான்.

வெட்ட முடியாது. அப்படியானால் எஸ்தாக்கியின் கையைக் கட்ட வேண்டும். அடுத்த கமிட்டியில் செலஸ்டின் கையைத் தூக்கினான்.

"மரத்துக்குக் கிட்ட வலை போடப்படாது. வலை கிளையில மாட்டி இழுத்தா மரம் போவும். தூண்டில் மட்டுந்தான்."

எஸ்தாக்கிக்குத் தூண்டில் போடத் தெரியாது. அதனால்தான் அந்தச் சட்டம். ஆனால் சபையில் இருந்தவர்கள் தலையை ஆட்டினார்கள், "செலஸ்டின் சொல்லுதது நியாயந்தான்" என்றார்கள், எஸ்தாக்கியே முதல் ஆளாய் "அண்ணன் சொன்னா சரியாத்தான் இருக்கும்" என்றான். தூண்டில் கற்றுக்கொண்டான். மூன்று வாரத்தில் ஓரளவு பழகிவிட்டான்.

செலஸ்டின் மறுபடியும் கையைத் தூக்கினான். எஸ்தாக்கியின் பிள்ளைகள் கூடை நிறையப் பொடிமீனைத் தூக்கிக்கொண்டு தெருவில் கும்மாளம் போட்டுப் போனதை அன்று காலையில் பார்த்திருந்தான்.

"சாணுக்குக் குறைஞ்ச மீனைத் திரும்பக் கடல்ல விட்டுரணும்."

"யாரு சாணு?" என்று மொராயிஸ் கேட்டார்.

"என் சாணு."

செலஸ்டினின் கை மம்பட்டி மாதிரி இருக்கும். ஊரிலேயே பெரிய சாண் அதுதான். சபை சிரித்தது, ஆனால் ஒப்புக்கொண்டது. அவன் சாணுக்கு ஒரு மூங்கில் துண்டை வெட்டி ஏலக்கொட்டகையில் கட்டித் தொங்கவிட்டார்கள். அதற்குச் செலஸ்டின்கோல் என்று பெயரே வந்துவிட்டது.

பிறகு, ஒரு நாளைக்கு ஒரு வள்ளத்துக்கு இரண்டு தூண்டிலுக்கு மேல் கூடாது. அதுவும் அவன்தான். எஸ்தாக்கி மச்சினனைக் கூட்டிக்கொண்டு நாலு தூண்டிலாய்ப் போட்ட வாரத்தில் வந்த சட்டம். ஞாயிற்றுக்கிழமை மரத்துக்கும் ஓய்வு. அதுவும் அவன்தான். எஸ்தாக்கி ஞாயிறு பூசை முடித்த கையோடு கடலுக்குப் போனதைப் பார்த்து வந்தது.

ஒவ்வொரு சட்டமும் சகலையின் வயிற்றில் அடிக்கக் கிளம்பி, போய்ச் சேர்ந்த இடம் வேறாக இருந்தது. விட்ட பொடிமீன் வளர்ந்தது. வலை படாத மரம் பரந்தது. நடுமடையில் தங்க இடமில்லாத மீன் பக்கத்து மடைகளுக்கும், கரையோரப் பார்களுக்கும், சும்மா கிடந்த மணல் பகுதிக்கும் குடும்பம் குடும்பமாய்ப் போய்க் குடியேறியது. சீட்டே விழாத ஆட்கள்கூடச் செலஸ்டின்கோலுக்கு ஒன்றரை மடங்கு நீளத்தில் விளமீன் கொண்டுவந்தார்கள். வடக்கே இரண்டு ஊர்க்காரர்கள் வந்து மூங்கிலை அளந்துகொண்டு போனார்கள்.

மீன்துறையிலிருந்து ஒரு அதிகாரியும் வந்தார். கடலுக்குள் மரம் என்றதும் அவர் படிவத்தைப் புரட்டிப் பார்த்தார், மரம் வனத்துறை, மீன் நம்ம துறை, அதனால் மீனை மட்டும் எழுதிக்கொள்கிறேன் என்றார். பிறகு செலஸ்டினைக் கூப்பிட்டு நாற்காலி போட்டு உட்கார வைத்தார்.

"இவ்வளவு நல்ல கட்டுப்பாடெல்லாம் உங்களுக்கு எப்படித் தோணுச்சு?"

"வயித்தெரிச்சல் சார்."

அதிகாரி விழுந்து விழுந்து சிரித்துவிட்டு, பாரம்பரிய அறிவு என்று எழுதிக்கொண்டார்.

ஊரில் செலஸ்டினுக்கு மரியாதை கூடியது. டீக்கடையில் இடம் விட்டார்கள். மாமியார் வீட்டில்கூட "பெரியவர் யோசனைக்காரர்" என்றார்கள். அவனுக்கு அது எதுவும் ஒட்டவில்லை. அவன் எஸ்தாக்கியின் முகத்தில் ஒன்றைத் தேடினான். ஒரு சுருக்கம், ஒரு கோணல், ராத்திரி தூங்காத கண், ஏதாவது. அந்த முகத்தில் சிரிப்பைத் தவிர எதுவும் இல்லை. இரண்டு தூண்டிலில் வருவதைக் கொண்டுவந்து, அதிலும் ஒரு பங்கைக் குழம்பாக்கிச் சகலை வீட்டுக்கு அனுப்பிக்கொண்டிருந்தான். பொறாமைப்படுகிறவனுக்கு இதைவிடப் பெரிய தண்டனை கிடையாது. திருப்பிப் பொறாமைப்படாதவனிடம் எப்படிச் சண்டை போடுவது?

பதினாலாவது மாசம், கரையில் பூ ஒதுங்குவது நின்றது. இலை மட்டும் வந்தது. மஞ்சள் இலை, பிறகு காய்ந்த இலை, நாலு நாள் கரை முழுக்க இலை. மொராயிஸ் போய்ப் பார்த்துவிட்டு, மரம் மொட்டையாய் நிற்கிறது, உயிர் இருக்கிறது, அடுத்த துளிர் கணுவில் வீங்கியிருக்கிறது என்றார்.

செலஸ்டின் கமிட்டியில் எழுந்தான்.

"அழுகுறதுன்னா என்ன? கொப்பு தன் பச்சையை விடுறது. அழுகாத கொப்புக்கு இலை உதிர்றதுதான் அழுகல். இலை உதிர்ந்தா முறை மாறணும். இனி ரெண்டு மாசம் ஒருத்தருக்கு, அப்புறம் அடுத்தவருக்கு. இல்லன்னா சொல்லுங்க, நம்ம பிள்ளையளுக்கு அந்த மடை எப்படி இருக்கும்னே தெரியாது."

கடைசி வாக்கியத்தை அவன் வீட்டில் யோசித்து வைத்திருந்தான். அது நன்றாக வேலை செய்தது. எல்லாரும் எஸ்தாக்கியைப் பார்த்தார்கள்.

"அண்ணன் சொல்லுதது சரி" என்றான் எஸ்தாக்கி. ஆனால் உடனே சொல்லவில்லை. எச்சில் விழுங்கிவிட்டுச் சொன்னான்.

அப்படித்தான் நடுமடை செலஸ்டினுக்கு வந்தது. பிரகாசி ஜெபப் புத்தகத்திலிருந்து சீட்டை எடுத்து அவன் சட்டைப் பையில் வைத்தாள். "போங்க. இனியாவது சோறு செமிக்கட்டும்" என்றாள். புதுத் தூண்டில் நரம்பு வாங்கினான், கொக்கியைத் தீட்டினான், வள்ளத்துக்கு வர்ணம் அடித்தான், திங்கட்கிழமை முதல் நாள் என்று முடிவானது.

சனிக்கிழமை மொராயிஸ் ஒரு செய்தி கொண்டுவந்தார். மரம் மறுபடி துளிர்த்துவிட்டது. அதோடு, கணவாய்க் கூட்டம் வந்து கிளையெல்லாம் முட்டை ஒட்டியிருக்கிறது, கறுப்புத் திராட்சைக் குலை மாதிரி, கிளை தெரியாத அளவுக்கு.

ஞாயிற்றுக்கிழமை பூசை முடிந்து கமிட்டி கூடியது, வேறு ஏதோ ரோட்டு விவகாரம். அது முடிந்து எல்லாரும் எழும்பப் போகும்போது எஸ்தாக்கி கையைத் தூக்கினான். இத்தனை வருஷத்தில் அவன் கை தூக்கி யாரும் பார்த்ததில்லை.

"எனக்கு ஒரு யோசனை" என்றான். "அண்ணன் போட்ட சட்டத்தையெல்லாம் பாத்துப் பாத்துத்தான் எனக்கும் தோணுச்சு. முட்டை தொங்குற மட்டும் மரத்துல யாரும் தூண்டில் போடப்படாது. கொக்கி கொளுவிக் குலை அந்து விழுந்திரும். அடுத்த வருஷத்துக் கணவாய் பூராவும் அதுலதான் இருக்கு. நம்ம பிள்ளையளுக்குன்னு நான் சொல்லுதேன்."

"எவ்வளவு நாளு தொங்கும்?" என்று தலைவர் கேட்டார்.

"ஒண்ணு பொரிக்கப் பொரிக்க இன்னொண்ணு வந்து ஒட்டும்" என்றார் மொராயிஸ். "பருவம் முடிய ரெண்டு மாசம் ஆவும்."

இரண்டு மாசம். அது செலஸ்டினின் முறை முழுவதும். அதற்கு அடுத்தது மூன்றாவது சீட்டுக்காரன்.

செலஸ்டின் சகலையின் முகத்தைப் பார்த்தான். அங்கே சிரிப்பு இருந்தது, ஆனால் வாயில் மட்டும் இருந்தது. கண்ணுக்குக் கீழே கறுத்திருந்தது. உதட்டோரம் இடது பக்கமாய் ஒரு சின்னக் கோணல். குரலில் அந்த இனிப்பு, நல்லதைப் பேசுகிறவனின் அந்த மெதுவான, யோசித்து வைத்த இனிப்பு. அது எங்கிருந்து வரும் என்று செலஸ்டினுக்கு இந்த உலகத்தில் யாரையும்விட நன்றாகத் தெரியும். அவன் வர்ணம் அடித்த வள்ளத்தை எஸ்தாக்கி பார்த்திருக்கிறான். பார்த்துவிட்டுப் படுத்திருக்கிறான். தூக்கம் வரவில்லை.

செலஸ்டினின் நெஞ்சுக்குள் கல்யாண நாளிலிருந்து இறுகிக் கிடந்த ஒரு முடிச்சு தானாக அவிழ்ந்தது.

"நான் ஒத்துக்கிடுதேன்" என்று முதல் ஆளாய்க் கையைத் தூக்கினான். ஊர் கைதட்டியது.

வீட்டுக்கு வருகிற வழியில் பிரகாசி பொறுக்க முடியாமல் கேட்டாள். "உங்களுக்குக் கிறுக்கா? ஒரு வருஷத்துக்கு மேல உயிரை விட்டீய. வந்த முறையை அப்படியே தூக்கிக் கொடுத்திட்டு வாறீய."

"நல்ல சட்டம்ளா அது."

"நல்ல சட்டம். அந்த ஆளு எதுக்குப் போட்டாருன்னு எனக்குத் தெரியாதாக்கும்."

"தெரியுதுல்ல?" என்று செலஸ்டின் நின்று திரும்பிக் கேட்டான். அவன் முகம் வெளிச்சமாய் இருந்தது. "உனக்கே தெரியுது பாத்தியா."

எஸ்தாக்கி தூண்டில் போடக்கூடாது என்றுதான் சொல்லியிருந்தான், வள்ளம் போகக்கூடாது என்று சொல்லவில்லை. புதிதாகச் சட்டம் போடுகிறவனுக்கு அந்த ஓட்டை தெரியாது. திங்கட்கிழமை விடிந்ததும் செலஸ்டின் புது வர்ணம் பளபளக்க வள்ளத்தைத் தள்ளினான். நடுமடைக்கு நேர் மேலே நங்கூரம் போடாமல் துடுப்பால் பிடித்து நிறுத்தினான். கொக்கி இல்லை, நரம்பு இல்லை, கீழே எட்டுப் பாகத்தில் மரம் குலை குலையாய்க் கறுத்துப் பெருத்து நின்றது, அந்த மடை இரண்டு மாசத்துக்கு அவனுடையது, வேறு எவனும் அங்கே வரக்கூடாது. வெயில் ஏறும் வரைக்கும் சும்மா உட்கார்ந்திருந்துவிட்டு, வேறு பக்கம் போய் வலை போட்டு, வயிற்றுப்பாட்டுக்குக் கிடைத்ததைக் கொண்டு திரும்பினான்.

எஸ்தாக்கி கரையில் நின்றுகொண்டிருந்தான். நெற்றியில் கையை மறைப்பாய் வைத்துக்கொண்டு நின்றான். எவ்வளவு நேரமாய் நிற்கிறான் என்று தெரியவில்லை, அவன் வள்ளம் இன்னும் இறக்கப்படவே இல்லை.

"என்ன அண்ணே, அங்கன போயிட்டு வாறீய?"

"சும்மாதான் சகல."

மறுநாள் செலஸ்டின் அரை மணி நேரம் கூடுதலாய் உட்கார்ந்திருந்தான்.